மருந்து போடாத குண்டு

ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து மதியச் சாப்பாடும் ஆன பிறகு, கிளேர் வெர்ட்ஸின் மாட்டுத்தீவனக் கடைப் பின்னறையில் கூடியிருந்தவர்கள்: தலைவர் கிளேர், வழக்கம்போல் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைவைத்த ஒரே நாற்காலியில். டாயில் ஹெப்னர் அவருக்கு எதிரே, கவிழ்த்துப் போட்ட பால்வாளியின் மேல். நாற்காலியில் உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடுகிறது என்பார். லீத்தா ஷூப், கதவோரம் அடுக்கியிருந்த உப்பு மூட்டைகளின் உச்சியில், கால் தரையில் படாமல். அவள் தம்பி வேட், பழங்காலத் துப்பாக்கி சுடும் எங்கள் கழகத்தின் உறுப்பினன் அல்லாதவன், இடம் இருந்தும் உட்காராமல் ஜன்னலில் சாய்ந்து. செயலாளனாகிய நான், ஹார்லன், தராசு மேசையில் தாளும் பேனாவுமாக. லீத்தாவின் நீளத் துப்பாக்கி சுவரில் இரண்டு ஆணிகளுக்கு மேல் படுத்திருந்தது. மற்ற உறுப்பினர்கள் சாலையில் பனி அகற்றப்படவில்லை என்று வராமல் இருந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் பனி தள்ளும் வண்டியை ஓட்டுகிறவன் நான்தான். அதை யாரும் எடுத்துச் சொல்லாததற்கு நன்றியுடையவனாக இருந்தேன்.

அன்று காலை ஆள் மூலம் வந்த ஏமஸ் கீஃபரின் கடிதத்தை எழுந்து நின்று படித்தேன். சஸ்குவஹானா ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கழகத்தின் தலைவர் அவர். கழகக் காரியங்களுக்குத் தொலைபேசியைத் தொடமாட்டார், நானும் தொடமாட்டேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகும்.

“சனிக்கிழமை நடந்த கோடரிப் போட்டியின் கடைசிச் சுற்றில் திருமதி ஷூப் சுட்ட குண்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இரு கழகங்களும் கையெழுத்திட்ட விதி கூறுவது: வெடிமருந்து, குண்டைச் சுற்றும் துணி, குண்டு ஆகிய மூன்றும் துப்பாக்கியின் வாய் வழியாக மட்டுமே இறங்க வேண்டும். அவர் மருந்தை எந்த வழியாக இறக்கினார் என்பதை அங்கிருந்த அனைவரும் பார்த்தோம்.”

படித்து முடித்ததும் யாரும் என்னைப் பார்க்கவில்லை. அந்த விதியை எழுதியவன் நான். பல வருடங்களுக்கு முன், பின்பக்கம் திறந்து தோட்டா போடும் புதுத் துப்பாக்கி ஒன்றுக்குப் பழைய மரக்கட்டையை மாட்டிக்கொண்டு ஒருவன் போட்டிக்கு வந்து நின்றான். இனி அப்படி ஒருவன் நுழையவே கூடாது என்று, ஒரு எறும்புகூடப் புக முடியாதபடி அந்த வாக்கியத்தைக் கட்டினேன். எழுதியபோது எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

சனிக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மரக்கட்டையில் கோடரியைப் பதித்து, கூர்முனை சுடுகிறவரைப் பார்க்கும்படி நிறுத்தி, அதன் இருபுறமும் ஒவ்வொரு மண்தட்டைத் தொங்கவிடுவோம். குண்டு கோடரி விளிம்பில் பட்டு இரண்டாகப் பிளந்து, இரண்டு தட்டையும் உடைக்க வேண்டும். தட்டின் விளிம்பில் ஓர் ஓட்டுச்சில் பெயர்ந்தாலும் உடைந்ததாகக் கணக்கு. ஜெயிக்கிறவர் எங்கள் பள்ளத்தாக்கின் சார்பில் கோடையில் இண்டியானாவில் நடக்கும் பெருங்கூடுகைக்குப் போவார். ஒருவர்தான் போகலாம். இத்தனை வருடங்களாகக் கீஃபரே போய்க்கொண்டிருந்தார். லீத்தா சூப்பர் மார்க்கெட்டின் இறைச்சிப் பிரிவில் கறி வெட்டுகிறவள். துப்பாக்கியின் பிடிக்கட்டையை அவளே செதுக்கினாள். முதல் கட்டை விரிசல் விட்டது, இரண்டாவது தாங்கியது. போன கோடைக்கே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கீஃபரிடம் தோற்று, விடுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டவள். இந்தத் தடவை தோற்றுத்தான் தீருவாள் என்பதுபோலக் கடை மேலாளர் விடுப்புத் தாளை மேசைமேலேயே போட்டு வைத்திருக்கிறாராம், உள்ளே எடுத்து வைக்காமல்.

கடைசிச் சுற்றில் எஞ்சியவர்கள் இருவர். கீஃபர் முதலில் சுட்டார். இடது தட்டு தூளானது, வலது தட்டு ஆடிக்கொண்டே இருந்தது, உடையவில்லை. லீத்தா இரண்டையும் உடைத்தால் போதும். அவள் மருந்து அளக்கும் அளவுக் குழாயை நிரப்பிய நேரத்தில்தான் வேட் வாயைத் திறந்தான். முந்தின நாள் தன் புதுத் துப்பாக்கியால் மான் அடித்த கதை அவனுக்கு இன்னும் தீரவில்லை.

“இத்தன வேலையா, லீத்தா? நீ கெட்டிச்சு முடிக்கறதுக்குள்ள மான் கல்யாணமே பண்ணிக்கும். என்னோடதுல தொலைநோக்கில பாத்து வெரல அசைச்சாப் போதும், அங்க மான் விழுந்துடும்.”

“ஆமா. விழுந்தது மான், அடிச்சது துப்பாக்கிக் கம்பெனி. நீ நடுவுல என்னடா பண்ண?”

எல்லோரும் சிரித்தோம். கீஃபரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு அவள் துணியை வைத்து, குண்டை வைத்து, கெட்டிக்கும் கம்பால் ஒரே மூச்சில் இறக்கினாள். மருந்து கெட்டிக்கிறவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். பேசியவர் அன்றைக்கு எல்லோருக்கும் காப்பி வாங்கித் தர வேண்டும். வேட்டுக்கு அது தெரியாது. எங்களில் ஒருவர்கூட அவனை அடக்கவில்லை, அது வேறு விஷயம்.

கம்பில் ஒரு கீற்று உண்டு. மருந்தும் குண்டும் சரியாக இறங்கியிருந்தால் அந்தக் கீற்று துப்பாக்கியின் வாய்க்கு நேராக நிற்கும். லீத்தா அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். கீற்றைக் காணவில்லை. துப்பாக்கிக் குழாய்க்குள் போய்விட்டது. உள்ளே குண்டு இருக்கிறது, அதற்கு அடியில் மருந்து இல்லை. அளவுக் குழாயை நிரப்பியவள், தம்பிக்குப் பதில் சொல்லிவிட்டு, ஊற்றியதாக நினைத்து, நிரப்பியபடியே அதைப் பையில் செருகியிருந்தாள்.

இதைச் செய்யாதவர் எங்கள் கூட்டத்தில் இல்லை. டாயில் மான் முன்னால் நின்று செய்திருக்கிறார். கிளேர், தன் மருமகனுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதே செய்தார். நான் செய்ததை இங்கே எழுதப்போவதில்லை. கீஃபர் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, “நாப்பது வருஷமாச்சு, நான் ஒரு தடவகூட மருந்த மறந்ததில்ல” என்றார். அவர் அதைச் சொல்லாத வருடம் கிடையாது. மெய்யாகவும் இருக்கலாம்.

கெட்டித்துச் சுட ஒவ்வொருவருக்கும் குறித்த நேரம்தான். கிளேர் கையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. குண்டைத் திருகி வெளியே எடுக்க நேரமில்லை. லீத்தா தோற்றேன் என்று சொல்லவில்லை. துப்பாக்கியைப் பக்கவாட்டில் சாய்த்தாள். தீப்பொறி உள்ளே போகும் பக்கத்துளை ஒரு தடித்த ஊசி நுழையும் அளவுதான் இருக்கும். கையுறையைப் பல்லால் கடித்து உருவித் துப்பினாள். மருந்து வைத்திருக்கும் மாட்டுக்கொம்பிலிருந்து பொடியான மருந்தை உள்ளங்கையில் கொட்டி, துளை வழியாக ஊசியால் தள்ளினாள். தட்டினாள், தள்ளினாள், மறுபடி தட்டினாள். சர்க்கரை மூட்டையில் எறும்பு வேலை செய்வது மாதிரி. குளிரில் விரல் நுனிகள் வெளுத்துப்போயின. வேட் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான். கிளேர், “கடைசி நிமிஷம்” என்றார், ஏதோ தப்பு செய்தவர் குரலில். அவள் துளைக்கு வெளியே இருக்கும் சிறு கிண்ணியில் சிட்டிகை மருந்து வைத்து மூடி, கல் பொருத்திய குதிரையை இழுத்து, துப்பாக்கியைத் தூக்கினாள். கோடரிக்குக் குறி வைக்கவில்லை. மேலே, பின்மேட்டின் வெறும் பனிக்குக் குறி வைத்தாள். அரைவயிற்று மருந்து, குண்டு வழியிலேயே தாழும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

நான் எதற்காக இந்த மாதிரித் துப்பாக்கியை விட்டு வேறெதையும் தொடுவதில்லை என்று கேட்பவர்களுக்கு அந்த ஒரு கணத்தைத்தான் காட்டுவேன். கல் உரசும் சத்தம் கேட்கிறது. கிண்ணியில் பொறி குபீரென்று எழுகிறது. அதற்கும் வெடிக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. புதுத் துப்பாக்கியில் அது கிடையாது. அந்த இடைவெளியில் நாம் அசையக் கூடாது, கண்ணை மூடக் கூடாது. கையில் இன்னொரு குண்டு இல்லை. அன்று அந்த இடைவெளி வழக்கத்தைவிடச் சற்று நீண்டது. பிறகு கிழவர் இருமியதுபோல ஒரு சத்தம். வெள்ளைப் புகை எழுந்து, காற்று இல்லாததால், எங்களுக்கும் கோடரிக்கும் நடுவே திரையாக நின்றுவிட்டது. இரண்டு கழகத்துக்காரர்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, கழுத்தை நீட்டி, புகையைச் சுற்றிப் பார்க்க முயன்றோம். எப்போதும் அப்படித்தான் சாய்வோம். புகை விலகியது. இடது தட்டு இல்லை. வலது தட்டு இருந்தது, விளிம்பில் கட்டைவிரல் நகமளவு சில் பெயர்ந்து.

டாயில் தொப்பியைத் தூக்கி எறிந்தார். அது ஆற்றங்கரைப் பக்கம் போய் விழுந்து, இன்றுவரை கிடைக்கவில்லை.

இப்போது, ஞாயிற்றுக்கிழமைப் பின்னறையில், அந்தச் சில்லுக்குத்தான் ஆபத்து. கிளேர் தொண்டையைச் செருமினார். “கீஃபர் சொல்றதுல தப்பில்ல. விதி விதிதான்.”

“விதி எதுக்கு எழுதினது? பின்னால தொறக்குற துப்பாக்கி வரக் கூடாதுன்னு எழுதினது” என்றார் டாயில். “இந்தப் புள்ள என்ன பின்னால கதவா வச்சிருந்தா? ஊசிமொன ஓட்டை! எந்தப் புதுத் துப்பாக்கிக்காரன் அது வழியா மருந்து போடுவான்? போடச் சொல்லு பாப்போம்.”

“எழுதினபடிதானப்பா படிக்கணும்.”

“எழுதினவனே இங்க ஒக்காந்திருக்கான். கேளு அவன.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கிளேர் இப்படி, டாயில் அப்படி. தன் விஷயத்தில் லீத்தா கை தூக்க முடியாது. என் கை எந்தப் பக்கம் உயர்கிறதோ அதுதான் முடிவு. நான் நினைத்து எழுதியது டாயில் சொன்னதை. தாளில் இருப்பது கீஃபர் சொன்னது. நான் நினைத்ததற்குக் கை தூக்கினால் லீத்தா இண்டியானாவுக்குப் போவாள். ஆனால் அதற்குப் பிறகு நான் எழுதுகிற எந்த வாக்கியத்தையும் அக்கரையில் ஒருவரும் நம்பமாட்டார்கள். தாளின் பக்கம் தூக்கினால் மேசைமேல் கிடக்கிற அந்த விடுப்புத் தாள் குப்பைக்குப் போகும். பேனா மூடியைத் திறந்தேன், மூடினேன்.

ஜன்னலிலிருந்து வேட் பேசினான். “நான் உறுப்பினர் இல்ல. ஆனா ஒண்ணு சொல்லணும். நான் பேசினதாலதான் இவ மறந்தா. தப்பு என்னோடது.”

“அதுக்கு நீ காப்பி வாங்கித் தரணும்” என்றார் டாயில். “இன்னும் வரல.”

“வாங்கித் தர்றேன். ஆனா, டாயில், நான் அத்தன மான் அடிச்சிருக்கேன். நேத்து மாதிரி எனக்கு எப்பவும் கை நடுங்கினதில்ல. சுட்டது நான்கூட இல்ல.”

லீத்தா உப்பு மூட்டையிலிருந்து குதித்து இறங்கினாள். “ஹார்லன், கைய எறக்குங்க.”

“நான் தூக்கவே இல்லையேம்மா.”

“தூக்காதீங்க. கீஃபர் சொல்றது சரி, மருந்து வாய் வழியா போகல. எனக்காக நீங்க எழுதினத நீங்களே வளைச்சா, அங்க இண்டியானாவுல போய் நின்னு நான் எப்படிச் சுடுவேன்? அவர் ஆட்சேபணைய ஏத்துக்கிட்டோம்னு எழுதுங்க.”

கிளேர் நாற்காலியை முன்னால் இழுத்தார். டாயில் “அடச்சே” என்றார். நான் முதல் வரியை எழுதினேன்.

“இன்னும் முடியல” என்றாள் லீத்தா. முகம் சிவந்திருந்தது, கண்ணில் சனிக்கிழமை பார்த்த அதே வெளிச்சம். “அப்படின்னா கடைசிச் சுத்துல என் பக்கம் குண்டே இல்ல. இல்லாத குண்டு தோத்துச்சுன்னு எப்படிச் சொல்லுவீங்க? திரும்பச் சுடணும். அந்த ஒரு சுத்துக்கு மட்டும் ரெண்டு கழகமும் ஒத்துக்கிட்டு விதியத் தள்ளி வைக்கட்டும். ரெண்டு பேரும் மருந்தில்லாம குண்ட எறக்குவோம். அவரும், நானும். அப்புறம் அந்த ஓட்டை வழியாத்தான் மருந்து. அதே கோடரி, அதே நேரம்.”

டாயில் பால்வாளி உருளும்படி எழுந்தார். “நாப்பது வருஷமா மறக்காதவரு! அவருக்கு எப்படித் தெரியும் அது? ஊசி எந்தப் பக்கம் புடிக்கணும்னே தெரியாதே!” கிளேர் தலைவர் என்பதை மறந்து தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “அவரு ஒத்துக்கலன்னா?” என்றார் சிரிப்பினூடே. “ஒத்துக்குவாரு” என்றாள் லீத்தா. “அவருக்கும் செஞ்சு பாக்க ஆசை இருக்கும். இல்லன்னா அத அவ்வளவு உத்துப் பாத்திருக்கமாட்டாரு.” எனக்குப் பேனா நிற்கவில்லை. வரிசை எண் போட்டு எழுதினேன். ஒன்று, ஆட்சேபணை முழுமையாக ஏற்கப்படுகிறது. இரண்டு, கடைசிச் சுற்று மீண்டும் நடத்தப்பட வேண்டும் எனக் கோருகிறோம். மூன்று, மேற்படி சுற்றில் இரு தரப்பும் மருந்து இல்லாமல் குண்டை இறக்கிய பிறகே கடிகாரம் தொடங்கும். நான்கு, அவ்வேளையில் யாரும் யாரோடும் பேசக் கூடாது, பேசினால் காப்பி.

“கீழ ‘அன்புடன்’ போடாத” என்றார் டாயில்.

“போட்டாகணும். இது கடிதம்.”

உறையின் பசை குளிரில் ஒட்டவில்லை. துணிக்குத் தடவ அவள் வைத்திருக்கும் மெழுகும் மான்கொழுப்பும் கலந்த டப்பாவை லீத்தா அடுப்பின் மேல் காட்டி, உருகியதை மடிப்பின் மேல் ஒரு சொட்டு விட்டாள். ஆறுவதற்குள் கட்டைவிரலால் அழுத்தினாள். கரிபடிந்த ரேகை அதில் தெளிவாக விழுந்தது. வேட் உறையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தான். தானே பாலத்தைக் கடந்து கொண்டுபோய்க் கொடுத்து, கீஃபர் பதில் தரும்வரை அவர் வீட்டு வாசலில் நிற்பதாகச் சொன்னான். கதவுவரை போனவன் திரும்பினான். “லீத்தா, அந்த ஓட்டையில மருந்து நெறஞ்சுதான்னு எப்படித் தெரியும்?”

“தெரியாது. தட்டிப் பாத்துக்கிட்டே இருக்கணும். போடா, மொதல்ல கடிதத்தக் குடு.”

வாசலில் வண்டி கிளம்பியது. குளிரில் அதன் புகை வெள்ளையாக எழுந்து, காற்று இல்லாததால், முற்றத்திலேயே நின்றுவிட்டது. பாலத்துக்குப் போகும் சாலை அதற்குப் பின்னால் மறைந்தது. நாங்கள் நால்வரும் கோட்டுகூடப் போடாமல் வாசலில் நின்று, ஒரே பக்கமாகச் சாய்ந்து, கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.