கால் மணி நேரத்தில் அணையும் வண்டி

பதினோரு மணிக்குக் கடல் சாலைமேல் ஏறிவிடும். இப்போதே மணி பத்து. வருஷா வருஷம் வந்து அளந்துவிட்டுப் போகிற அதிகாரிகள் சாலையை ஒரு சாண்கூட உயர்த்தவில்லை. வண்டியோ கால் மணி நேரம் ஓடினால் அணைந்துபோகிறது. வெனிங் ஸ்கூட்டர் பக்கத்தில் குந்தினாள்.

வியாழக்கிழமை அப்பா சர்பினை டெமாக் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனபோது வண்டி பாதிவழியில் நின்றது. இரண்டு பக்கமும் கடல். அவரை உட்காரவைத்தே வீட்டுக்குத் தள்ளிவந்தாள். அன்றிலிருந்து அவர் முகம் ஊதிக்கிடக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. இன்றும் தவறினால் என்ன ஆகும் என்று நர்ஸ் போனில் சொன்னதை அவள் அவரிடம் சொல்லவில்லை. ஊரிலிருந்த மற்ற வண்டிகளெல்லாம் விடியலிலேயே தொழிற்சாலைக்குப் போய்விட்டன.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். பொறி நன்றாகவே வந்தது.

"நாலு வருஷம் காலேஜ்ல இதத்தான் படிச்சியாக்கும்," என்றார் வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா.

"நான் படிச்சது கணக்கு. வாய மூடிட்டு மூச்சு விடுங்க."

"வாய மூடினா எப்படிடி மூச்சு விடறது?"

கார்புரேட்டரின் அடித்திருகைத் தளர்த்தினாள். ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட விழவில்லை. புதன்கிழமைதான் டாங்க்கை நிரப்பியிருந்தாள். சீட்டைத் தூக்கினாள். டாங்க் மூடிமேல் பிளாஸ்டிக் பை, அதன்மேல் இறுக்கிய ரப்பர். ரப்பரை உருவியதும் மூடி ஸ்ஸென்று காற்றை இழுத்தது. கீழே பெட்ரோல் ஒழுகத் தொடங்கியது.

"இத யாரு கட்டினது?"

"நாந்தான். உப்புத்தண்ணி உள்ள போயிடும்னு ஊர்ல எல்லாத்தையும் கட்டி வெக்கிறாங்களே."

"மூடியில ஓட்ட இருக்குப்பா. காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் கீழ வரும்."

கத்தியிருப்பாள். ஆனால் அவருடைய வீங்கிய கணுக்காலில் செருப்பு வார் பதித்த பள்ளம் அப்படியே நின்றிருந்தது.

திருகை இறுக்கி, பிளக்கை மாட்டினாள். மணி பதினொன்றை நெருங்கிவிட்டது. கால் மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பார்த்தால் சாலை மூழ்கிவிடும்.

"ஏறுங்க."

சாலையில் தண்ணீர் அதற்குள் சக்கரத்தில் பாதி வரை வந்துவிட்டது. அவள் வேகத்தைக் குறைக்கவே இல்லை. அன்று நின்ற இடம் கடந்தது. கால் மணி நேரமும் கடந்தது. இன்ஜின் ஒரே சீராகத்தான் ஓடியது. இப்போது முதுகில் சாய்ந்த அப்பாவின் தலை கனத்தது. அந்தச் சத்தத்தில் அவர் மூச்சு கேட்கவில்லை.

"அப்பா, தூங்காதீங்க."

"ம்."

பாலம் ஏறி, ஈரமில்லாத தார் வந்த பிறகும் கூப்பிட்டுக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரித் திருப்பத்தில் அந்த 'ம்' வரவில்லை. ஒரு கையால் பின்னால் துழாவினாள். அவர் விரல்கள் அவள் சட்டையைப் பிடித்திருந்தன. தளர்வாக, ஆனாலும் பிடித்திருந்தன. ஹார்னை அழுத்தியபடியே வாசலுக்குள் நுழைந்தாள்.