ஒரு மணி நேர விருந்தாளிகள்

கடலோர வள முகமையின் விருந்தினர் இணையத்தை முதன்முதலாகப் பயன்படுத்திய வுனிசாலாக்காரர்கள் ஆறு பேரும், ஒரு மணி நேரம் கழிந்ததும் தரையிலிருந்து கிளம்பி, அலுவலக வராந்தாவின் தகரக் கூரையில் தலை முட்டி நின்றார்கள். மழைக்காலம் தொடங்கும் சமயம் அது. சந்தையில் மரவள்ளி மலிந்து கிடந்தது, காற்று தென்கிழக்கிலிருந்து சீராக வீசிக்கொண்டிருந்தது. மேலே நின்றவர்களில் ஒருவருக்கும் காயமில்லை. ஒருவர் மட்டும், தன் செருப்பில் ஒன்று கீழே விழுந்துவிட்டதாகவும், நாய் தூக்கிப் போவதற்குள் யாராவது அதை எடுத்து வைக்கும்படியும் கேட்டுக்கொண்டார்.

அந்த இணையத்தைத் திறந்துவைக்க அமைச்சர் ஒருவர் தலைநகர் சுவாவிலிருந்து படகேறி வந்து, வாந்தியெடுத்து, முகம் கழுவி, நாடா வெட்டினார். வுனிசாலா இனி உலகத்தின் மடியில் உட்கார்ந்திருக்கிறது என்று பேசினார். பிறகு விதிகள் வந்தன. மொத்தம் நாற்பத்தொன்று. தலைநகரின் வக்கீல் ஒருவர் வேறொரு முகமையிடமிருந்து அவற்றை இரவல் வாங்கியிருந்தார், அந்த முகமை வேறெங்கிருந்தோ. அதனால்தான் பனிச்சறுக்குக் கட்டைகளோடு வளாகத்துக்குள் வரக் கூடாது என்று பதினேழாம் விதி சொன்னது. ஃபிஜியின் இந்தத் தீவில் பனியைப் பார்த்தவன் ஒருவன்கூட இல்லை என்றாலும், அந்த விதியை இன்றுவரை யாரும் மீறவில்லை என்பதில் முகமைக்குப் பெருமை உண்டு.

விதிகளை எங்கள் மொழிக்கு மாற்ற ஒரு குழு அமைத்தார்கள். குழு தேநீர் குடித்து, பிஸ்கட் தின்று, 'விருந்தினர்' என்ற இடத்திலெல்லாம் 'வுலாங்கி' என்று போட்டது. அகராதிப்படி அது சரிதான். ஆனால் எங்கள் பக்கத்தில் அது அகராதியோடு நின்றுவிடுகிற சொல் அல்ல. மண்ணுக்குரியவன் என்று ஒருவன், வுலாங்கி என்று ஒருவன். உலகத்தில் இருக்கும் மனிதர்கள் இந்த இரண்டு வகைதான். இந்த மண்ணில் எனக்குப் பங்கில்லை, நீங்கள் விட்டால் நிற்பேன் என்று சொல்பவனே வுலாங்கி. அவன் யங்கோனா வேர்க்கட்டு கொண்டுவந்து வைத்து அனுமதி கேட்பான், வீட்டுக்காரர்கள் அதை இடித்துக் கரைத்துக் கிண்ணத்தில் கொடுப்பார்கள், அப்புறம்தான் அவன் காலுக்குக் கீழே தரை என்று ஒன்று உண்டு. குழு இதையெல்லாம் அறியாதது அல்ல. மதியச் சாப்பாடு நெருங்கிவிட்டது. ஒரு மணி நேரத்துக்குப் பின் இணைப்பு துண்டிக்கப்படும் என்று சொல்லும் முப்பத்திரண்டாம் விதியில், இணைப்புக்குத் தோதான சொல் அகப்படாததால் அதை விட்டுவிட்டு, 'வுலாங்கி அறுபடுவார்' என்று முடித்துக்கொண்டு எழுந்தது.

அலுவலகம் நிற்பதோ வுனிசாலாக் குலத்தின் மண். அந்தக் குலத்துப் பிள்ளைகள் அந்த மண்ணிலேயே நின்றுகொண்டு, நான் இங்கே வுலாங்கி, ஒரு மணி நேரத்தில் அறுபடச் சம்மதம் என்று படிக்காமலே கட்டை விரலால் அழுத்தினார்கள். மண் படித்தது. அழுத்தியவர்களை அவர்கள் சொன்னபடியே விட்டுவிட்டது.

இயக்குநர் சவெனாதாவும் அதே இணையத்தைத் தன் கைபேசியில் சோதித்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கிழக்கே வேறொரு தீவில் பிறந்து, வெலிங்டனில் படித்து, சட்டைப் பையில் மூன்று பேனாக்களோடு வந்திறங்கியவர் அவர். தன்னை வுலாங்கி என்று அவர் ஒப்புக்கொண்டது உண்மை ஆகையால், மண்ணுக்கு அவரோடு வழக்கில்லை. அவரோ இதைத் தன் பயிற்சியின் பலன் என்று எடுத்துக்கொண்டார். மிதப்பவர்கள் சாதனத்தைத் தவறாகப் பிடித்திருக்கிறார்கள் என்று மேலிடத்துக்கு எழுதினார். பிரிஸ்பேனிலிருந்து ஆலோசகர் ஒருவர் வந்து, தரையுணர்வு பற்றி மூன்று நாள் பட்டறை நடத்தி, எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார். சான்றிதழ் வாங்கியவர்கள் அதைக் கையில் பிடித்தபடி மிதந்தார்கள். நாற்பத்திரண்டாம் விதி பிறந்தது: மிதப்போர் முகமையின் பெயர்ப் பலகையை மறைக்காமல், வரிசையாக மிதக்க வேண்டும். ஒரு பிற்பகல் பாடகர் குழுப் பையன் ஒருவன் காற்றோடு பவளத்திட்டுவரை போய்விட்டான். பாதிரியாரின் படகு போய் இழுத்து வந்தது. அதன் பின், கண் சிறுத்த வலைகள் என்று மீனவர்களிடம் பறிமுதல் செய்து கொட்டடியில் போட்டிருந்தவற்றை எடுத்து வராந்தாவைச் சுற்றிக் கட்டினார்கள். மீன் பிடிக்க ஆகாத வலை மனிதரைப் பிடிக்க ஆயிற்று.

கீழே இறக்கும் வழியை லோசலினி அத்தை கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தாள் என்பது பெரிய வார்த்தை. அவள் கேலி செய்யப் போனாள், அது பலித்துவிட்டது. மேலே நின்ற தன் தம்பி மகனைப் பார்த்து, வேர்க்கட்டு ஒன்றைத் தரையில் வைத்து, மண்டியிட்டு, "எசமானே, தங்களோட மண்ணுல இந்த ஏழை கால் வைக்கலாமா?" என்று நீட்டி முழக்கினாள். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வெச்சுக்கோ, வெச்சுக்கோ" என்றான். சொல்லி முடிப்பதற்குள் குதிகால் தரையைத் தொட்டது. மிதப்பவனை வீட்டுக்காரனாக வைத்து யாராவது அனுமதி கேட்டு, அவனும் ஆமென்றால் போதும். அன்றிலிருந்து மாலை நேரங்களில் வலைக்குக் கீழே அத்தை வேர்க்கட்டோடு உட்கார்ந்திருப்பாள். ஊர் இதற்கு ஒரே வாரத்தில் பழகிவிட்டது. முகமைதான் பழகவில்லை.

மாக்கெரெத்தா அங்கே போனது விளையாட்டுக்கு அல்ல. அவள் கணவன் எபராமா ஆஸ்திரேலியாவில் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் ஐந்தாவது வருடமாக வேலை செய்தான். அந்த வெள்ளிக்கிழமை இன்னும் நான்கு வருடத்துக்குக் கையெழுத்துப் போடவிருந்தான். போடாதே, வா என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் எங்கள் ஊரில் எடுத்தவுடன் விஷயத்தைச் சொல்பவர்களை நாய்கூட மதிக்காது. விதிகளின் பக்கம் கைபேசியில் இறங்கி முடிய ஒரு மணி நேரத்தில் பாதி போய்விடும். மீதியில் மாமியார் அழ வேண்டும், பிள்ளைகள் பல் விழுந்த இடத்தைக் காட்ட வேண்டும், பக்கத்து வீட்டார் உடம்பு எப்படி என்று கேட்க வேண்டும். கடைசியில் கைபேசி மாக்கெரெத்தாவிடம் வரும்போது, சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், நீ, என்பதற்குள் கால் கிளம்பிவிடும். எல்லோரையும் போல அவளும் பதறி, கைபேசியை அணைத்து மடியில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் கூரையைப் பிடிப்பாள்.

"ஏய் மாக்கே, புருஷன் மேல ஆசை இருக்க வேண்டியதுதான், அதுக்காக இப்படியா துள்ளுவே?" என்பாள் அத்தை கீழிருந்து. "பாவாடையை இழுத்துவிடு, பாதிரியார் நிக்கிறாரு."

"அவரைக் கண்ணை மூடிட்டு ஜெபம் பண்ணச் சொல்லு அத்தை."

புதன்கிழமை அவள் இயக்குநரின் அறைக்கே போனாள். துணைக்கு அத்தையும் போனாள். வாய் சும்மா இருப்பதில்லை என்பதால் அவளைத் துணை என்று சொல்ல முடியுமா தெரியவில்லை.

"ஐயா, வெள்ளிக்கிழமை அவரு கையெழுத்துப் போட்டுருவாரு. அதுக்கு முன்ன ஒரு தடவை முழுசாப் பேசணும். உங்க அலுவலக இணைப்பை ஒரு பொழுது விடுங்க."

"அது ஊழியர்களுக்கு மட்டும் அம்மா. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அப்ப நான் யாரு?"

"விருந்தினர்."

"உங்க நாற்காலி நிக்கிற இடத்துல எங்க மாமனார் சேம்பு போட்டிருந்தாரு. நான் விருந்தாளி, நீங்க வீட்டுக்காரரா?"

"குத்தகைப் பத்திரம் சுவாவுல இருக்கு," என்றார் சவெனாதா. பேனாக்களில் நடுவில் இருந்ததை எடுத்து, மறுபடி அதே இடத்தில் செருகினார்.

அத்தையால் பொறுக்க முடியவில்லை. "வந்து மூணு வருஷமாச்சு. ஒரு கட்டு வேர் கொண்டுவந்து 'வந்திருக்கேன்'னு ஒரு வார்த்தை சொன்னியா? எங்க வீட்டுப் பன்னிகூட உறுமிட்டுத்தான் உள்ள வருது."

அவமதிப்பான மொழியைத் தடை செய்யும் விதியைச் சுட்டிக்காட்டி, இயக்குநர் அவர்களை வெளியே அனுப்பினார். விதிப் பலகை வாசலில் பளபளவென்று நெகிழி உறைக்குள் தொங்கியது. முதல் முறையாக மாக்கெரெத்தா நின்று அதைப் படித்தாள். வுனிசாலாவில் அதைப் படித்த முதல் ஆளும் அவள்தான், இயக்குநரையும் சேர்த்து.

"அத்தை, பேச்சு அறும்னு இதுல எங்கயும் போடல. நான் அறுபடுவேன்னுதான் போட்டிருக்கு."

"அப்படின்னா?"

"அப்படின்னா, நாமதான் பயந்து அணைச்சிருக்கோம்."

அத்தை யோசித்தாள். "சரிதான். அறுபட்டுக்கிட்டே பேசுடி."

வியாழக்கிழமை அவள் வலைக்குள் போகவில்லை. முற்றத்துக் கொடிக்கம்பத்தருகே வெட்டவெளியில் நின்று அழுத்தினாள். மாமியார் அழுதாள், பிள்ளைகள் பல் காட்டினார்கள், அவள் அவசரப்படுத்தவில்லை. நேரம் வந்ததும் கால் கிளம்பியது. இந்த முறை கைபேசியை அணைக்காமல் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். முகமையின் கொடியைத் தாண்டி, தென்னை மட்டைகளைத் தாண்டி, முகமையின் இணையக் கோபுரத்து உச்சிக்கு நேராக வந்து நின்றாள். சாதனம் அங்கேதான் இருக்கிறது ஆகையால், அவ்வளவு தெளிவான பேச்சு தீவில் அதற்கு முன் யாருக்கும் வாய்க்கவில்லை. கீழே ஊரே கூடிவிட்டது. அவள் பேசிய பாதி எல்லோருக்கும் கேட்டது. மறுபாதியை அவள் பின்னால் அத்தையிடம் சொன்னாள், ஆகவே அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

"எங்க நிக்கிறே? பின்னால மேகமாத் தெரியுதே," என்றான் எபராமா.

"நிக்கல. மிதக்கிறேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். ஐந்து வருடமாக, அனுப்பிய படங்களிலும் சரி, பேச்சிலும் சரி, அவன் முகத்தை மட்டும்தான் காட்டியிருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"காலைக் காட்டு," என்றாள்.

"எதுக்கு?"

"காட்டுன்னா காட்டு."

படம் மெல்லக் கீழே இறங்கியது. ரத்தம் கழுவிய சிமென்ட் தரைக்கு ஒரு முழம் மேலே, அவனுடைய ரப்பர் பூட்ஸ் இரண்டும் ஒன்றையொன்று உரசியபடி தொங்கின.

"ரெண்டாவது வருஷத்துலேர்ந்து இப்படித்தான் மாக்கே. விருந்தினர் தொழிலாளின்னு போட்டிருந்தான், நானும் கையெழுத்துப் போட்டேன். நம்ம மண்ணு என்னை விட்டுடுச்சு போல, இந்த மண்ணும் எடுத்துக்கல. ஒவ்வொரு கையெழுத்துக்கும் கொஞ்சம் ஏறுது. மேஸ்திரிக்கு ஒரே சந்தோஷம், மேல் கொக்கிக்கு ஏணி வேண்டாமாம். உன்கிட்ட எப்படிச் சொல்றது, வெட்கமா இருந்துச்சு."

கீழே சவெனாதா ஒலிபெருக்கியை எடுத்து வந்து, வான்வெளியில் இணையத்தைப் பயன்படுத்துவது பற்றி உடனே ஒரு விதி இயற்றி, அதை வாசிக்கவும் தொடங்கியிருந்தார். "ஐயா, கொஞ்சம் மெதுவா, என் புருஷன் பேசுறது கேக்கல," என்று மேலிருந்து சொன்னாள் மாக்கெரெத்தா. கூட்டம் சிரித்த சிரிப்பில் ஒலிபெருக்கியின் மின்கலமும் ஓய்ந்தது. பிறகு அவள் கைபேசியை வாயருகே கொண்டுபோய், உடம்பு எப்படி என்று கேட்காமல், மழை எப்படி என்று கேட்காமல், எங்கள் ஊர்ப் பெண்கள் பேசாத முறையில் பேசினாள்.

"போடாதே. வா."

கைபேசி ஓயும் மட்டும் அவள் அங்கேயே நின்றாள். அத்தை வேர்க்கட்டை வைத்து அனுமதி கேட்டபோது, மாக்கெரெத்தா கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

முகமையின் ஆண்டறிக்கை வுனிசாலாவைத் தனியே பாராட்டியது. நாட்டின் எந்தக் கிளையிலும் பயனர்களிடையே இவ்வளவு உயர்வு பதிவானதில்லை என்று அதில் இருந்தது. கோபுர உயரத்தில் பெண்ணொருத்தி நிற்கும் படத்தை அட்டையில் போட்டு, முகமையால் உயர்ந்த பெண் என்று அடியில் எழுதியிருந்தார்கள். சவெனாதாவுக்குப் பதவியும் உயர்ந்தது. அவர் படகேறியபோது வழியனுப்ப வந்தது பன்றிகள் மட்டுமே, அதுவும் துறைமுகம் அவற்றின் வழக்கமான இடம் என்பதால்.

எபராமா கையெழுத்துப் போடவில்லை. மாதம் முடிவதற்குள் வந்தான். கப்பல்காரர்கள் அவனைக் கைப்பிடிக் கம்பியோடு கயிற்றால் கட்டிக் கொண்டுவந்து, மூட்டைகளை இறக்கிய பின் அவிழ்த்துவிட்டார்கள். அத்தை முறைப்படி கேட்டாள், அவனும் முறைப்படி கொடுத்தான், ஊர் முழுக்கக் கிண்ணம் சுற்றியது. முழ உயரம் சாண் உயரமாயிற்று. அதற்குக் கீழே இறங்கவில்லை. மறுநாளும் கேட்டார்கள், அடுத்த ஞாயிறும் கேட்டார்கள். சாண் சாணாகவே நின்றது. அதன் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தண்ணீர் வற்றும் வேளையில் பவளத்திட்டின் மேல் நடக்க அவனைத்தான் அனுப்புகிறார்கள், முள்மீன் குத்தாது என்பதால். கோயிலில் பின்னாலிருப்பவர்களுக்கு மறைக்கிறது என்று கடைசிப் பெஞ்சைக் கொடுத்திருக்கிறார்கள். இரவில் அவன் பாயிலிருந்து ஒரு சாண் மேலே தூங்குகிறான். அவன் படுக்கும் பக்கம் பாய் தேய்வதே இல்லை. மாக்கெரெத்தா இப்போது புதுப் பாய் முடையும்போது தன் பக்கத்தை மட்டும் முடைகிறாள்.