காற்றுப் பொத்தான்

துளசிக்கு ஏழாம் மாதம். அக்கார்டியனை மடியில் வைக்க வயிறு இடம் தரவில்லை. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் அவள் சுவரோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். இரண்டாவது வரிசையில் வாசிப்பவர்கள் அவளும் அவள் கணவன் லிங்கேஸ்வரனும் மட்டுமே. அன்று அவன் தனியாக இருந்தான்.

மலேசியாவின் கோல சிலாங்கூரில் அந்த அக்கார்டியன் குழுவைத் தொடங்கியவர் துளசியின் அப்பா சத்தியசீலன். தோட்டத்துக் கல்யாணங்களில் வாசித்துக்கொண்டிருந்த மூன்று பேரைச் சேர்த்து, ஐரோப்பியச் செவ்வியல் இசைக்குக் கொண்டுபோனார். துளசிக்காகவே குழுவில் சேர்ந்த லிங்கேஸ்வரன் அதுவரை எப்படியோ சமாளித்தான். பிறகு நடத்துநராக வந்த சந்திரிகா டீச்சர் இந்தக் காலத்துப் படைப்புகளை எடுத்தார். தாளம் மாறிக்கொண்டே இருக்கும் அவற்றில் அவன் விரல்கள் தடுமாறின.

அக்கார்டியனில் இடது கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் துருத்தி விரியும், சுருங்கும், ஒலி வராது. வாசித்து முடித்தபின் துருத்தியை மூடுவதற்கானது அது. கடினமான இடங்களிலெல்லாம் அவன் அதை அழுத்திக்கொண்டு, தலையை ஆட்டி வாசிப்பதுபோல் நடித்தான்.

சந்திரிகா கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினார்.

"ரெண்டாவது அக்கார்டியன் எங்க?"

"இருக்கேன் டீச்சர்."

"ஆள் இருக்கீங்க லா, சத்தத்தத்தான் காணோம். அந்த எடத்த மட்டும் தனியா வாசிங்க."

துளசி எழுந்தாள். "டீச்சர், அவரு நேத்து நைட் ஷிஃப்ட்..."

"ஒரு வரிதான துளசி."

அவன் துருத்தியை இழுத்தான். மூச்சு விடும் சத்தம் மட்டும் வந்தது.

"என்ன மச்சான், டயருக்குக் காத்து அடிக்கிறியா?" என்றான் பின்னாலிருந்த புனிதன். சிலர் சிரித்தார்கள். பிறகு விஷயம் புரிந்து, ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள்.

சத்தியசீலன் கண்ணாடியைக் கழற்றித் தரையைப் பார்த்தார். "பொத்தான விடுங்க, மாப்பிள்ள," என்றார் மெதுவாக.

விட்டான். தப்புத் தப்பாக நாலு சுரம் வந்து நின்றது.

திரும்பும்போது காரில் அவன்தான் பேச்சை எடுத்தான்.

"அசிங்கமா இருக்கு துளசி."

"எனக்கு முன்னமே தெரியுங்க. போன கச்சேரியிலயே தெரிஞ்சுபோச்சு. அதான் ரெண்டு பேருக்கும் சேத்து நானே அழுத்தி வாசிச்சேன். தோள் வலிக்குதுன்னு தைலம் தேய்க்கச் சொல்வேன்ல?"

"அது பிள்ளையால வர்ற வலின்னுல்ல நெனச்சேன்."

"பிள்ள தோள்லயா இருக்கு?"

அவனால் சிரிக்க முடியவில்லை. ஊராருக்குத் தெரிந்ததைவிட, அவள் தெரிந்துகொண்டே சுமந்ததுதான் அவனை அதிகமாகச் சுட்டது.

"ஏன் சொல்லல?"

"சொன்னா குழுவ விட்டுப் போயிருவீங்க. பக்கத்துல நீங்க இருக்கணும், அவ்ளோதான்."

அடுத்த ஞாயிறு அவனே சந்திரிகாவிடம் கேட்டு நான்காவது வரிசைக்குப் போனான். அங்கே பள்ளிப் பிள்ளைகள் நீண்ட சுரங்களை மட்டும் பிடிப்பார்கள்.

"அங்கிள், நீங்க பெரியவங்க வரிசதானே? ஏன் இங்க வந்தீங்க?" என்றாள் பக்கத்திலிருந்த சிறுமி.

"அங்க வாசிக்கத் தெரியலம்மா."

மாமனார் காதில் விழும்படிதான் சொன்னான்.

வாசிப்பு தொடங்கியது. எல்லாரும் நிறுத்தியபிறகும் அவனுடைய சுரம் மட்டும் தனியாக நீண்டது.

"லிங்கா, லேட்டு," என்றார் சந்திரிகா.

"சாரி டீச்சர்."

மறுபடி வாசித்தான். மறுபடியும் பிந்தியது. மண்டபம் முழுக்கக் கேட்டது. கட்டைவிரல் அந்தப் பொத்தான் பக்கம் போகவில்லை.