இடது பக்கக் கட்டம்

கண்ணாடிக்காரர் ஷெட்டுக்குள் கால் வைத்ததும் முதல் அடி முழங்காலில் விழுந்தது. இரண்டாவது காதோரம். மூன்றாவதற்கு வேலையே இல்லை, மனிதர் அதற்குள் தரையில் கிடந்தார். கம்ப்யூட்டர் ரிப்பேரில் பதினெட்டு வருஷம் ஓட்டியவர். கரண்ட் அடித்திருக்கிறது, கண்டபடி திட்டு வாங்கியிருக்கிறார். இரும்புக் கம்பியால் வாங்குவது இதுதான் முதல் தடவை.

"சிஸ்டம் ஆன் ஆகலன்னுதானே அக்கா ஃபோன் பண்ணீங்க..."

"அதெல்லாம் நல்லா ஆகுது. எந்திரிடா."

நேற்றுவரை வாய் நிறைய 'சார்' என்றவள். அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் கட்டு கட்டும் பிரிவு அவளுடையது. ஓர் ஆள் கனமுள்ள அட்டைக்கட்டைத் தனியாகத் தூக்கி அடுக்குவாள். முதலாளிக்குக்கூட அவள் அக்காதான். இன்று விடுமுறை, ஷெட்டில் ஈ காக்கை இல்லை. அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துப்போய், அட்டை வெட்டும் பிரஸ்ஸின் காப்புக் கதவைத் திறந்து, அவர் இடது கையை உள்ளே வைத்தாள். கட்டு கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையால் மணிக்கட்டை இரும்புத் தட்டோடு சேர்த்து முறுக்கிக் கட்டினாள். கைக்கு ஒரு முழம் மேலே வெட்டுத்தகடு தொங்கியது. அதன் ஓரத்தில் இன்னும் சரியாகத் துடைக்காத ரத்தம் இருந்தது.

அவள் தம்பியின் ரத்தம். பிரஸ் ஓட்டுவது அவன்தான். நேற்றுக் காலை, சிக்கிய அட்டையை எடுக்க உள்ளே கையை விட்டிருந்தான். திரையில் ஒரு செய்தி வந்தது. பக்கத்தில் நின்ற அக்கா, வழக்கம்போல அதன் இடது பக்கப் பொத்தானை அழுத்தினாள். நான்கு விரல் போய்விட்டது.

"அன்னைக்கு என்ன சொன்ன? வாயத் தொறந்து சொல்லு."

சொன்னது அவருக்கு மறக்கவில்லை. பிரஸ் தூரதேசத்து மெஷின், அதன் புரோகிராம் முழுக்க அந்த ஊர்ச் சித்திர எழுத்து. போன வாரம் பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட, அவர்தான் புதிதை மாட்டினார். எழுத்து இருக்கவேண்டிய இடமெல்லாம் வெற்றுக் கட்டங்களாக வந்தன. அந்த எழுத்துரு அவருடைய பென்டிரைவிலேயே இருந்தது. ஏற்றி, எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி ஓட்ட அரைமணி நேரம் ஆகும். அவருக்கோ பசி. 'எழுத்து தெரிஞ்சா மட்டும் இங்க யாரு படிச்சுக் கிழிக்கப்போறீங்க? கட்டம் வந்தா இடது பக்கத்தை அழுத்துங்க, ஓடும்' என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் தம்பியும்தான்.

"இப்ப எழுத்த வரவை. நான் என்னத்த அழுத்துனேன்னு எனக்குத் தெரியணும்."

கீபோர்டை ஒரு ஸ்டூலில் வைத்து அவர் வலது கைக்கு எட்டத் தள்ளினாள். பென்டிரைவைச் செருகுவதற்குள் இரண்டு தடவை கீழே போட்டார். இரண்டாவது தடவை தோளில் கம்பி இறங்கியது. கண்ணாடி எங்கோ தெறித்தது. மங்கலாகத் தெரிந்த திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு எழுத்துருவை ஏற்றினார். வியர்வையும் ரத்தமும் கலந்து தாடையிலிருந்து கீபோர்டில் சொட்டின.

அந்த நேரம் பார்த்து, இன்னும் மூடித் திறக்காத புரோகிராம் அதே செய்தியைத் தூக்கிப் போட்டது. பத்துப் பன்னிரண்டு வெற்றுக் கட்டங்கள், கீழே இரண்டு பொத்தான்.

"வந்துருச்சு" என்றாள். மவுஸ் அவள் கைக்குப் போனது. "இடதுதானே?"

"ஐயோ, வேணாம்! தொடாதீங்க!"

"ஏன்? நீதானடா சொன்ன, ஓடும்னு."

"எனக்கே தெரியாதுக்கா! சத்தியமாத் தெரியாது. சும்மா அழுத்திப் பாத்தேன், ஓடுச்சு, சொல்லிட்டேன். என் கை உள்ள இருக்கு, அக்கா!"

"அவன் கையும்தானடா உள்ள இருந்துச்சு!"

கம்பி அவர் முதுகில் விழுந்தது, மறுபடியும் விழுந்தது. அவர் அலறினார். அலறிக்கொண்டே புரோகிராமை மூடி மறுபடி திறந்தார். அந்த அரை நிமிஷத்தில் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. கட்டங்கள் இருந்த இடத்தில் கறுப்புக் கோடுகள் நெருக்கியடித்து வந்து நின்றன. எழுத்து.

அவள் ஃபோன் கேமராவைத் திரைக்கு நேரே பிடித்தாள். நேற்று வெறும் கட்டத்தைக் காட்டியபோது ஒன்றும் புரியாமல் முழித்த ஃபோன், இப்போது கடகடவென்று தமிழில் போட்டது. அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"காப்புக் கதவு திறந்துள்ளது. உள்ளே கை இல்லை என உறுதி செய்யவும். இடது, மீறி இயக்கு. வலது, நிறுத்து."

அதை இரண்டாவது தடவையும் படித்தாள். கம்பி கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

"பக்கத்துலயே இருந்திருக்கு" என்றாள். "ஒரு விரக்கடை தள்ளி அழுத்தியிருந்தா நின்னுருக்கும்."

"தப்பு என்னுதுக்கா. சொன்னது நான்."

"அழுத்துனது நான்டா."

கத்தியால் பட்டையை அறுத்தாள். அவர் கையை வெளியே உருவி, விரல் ஐந்தும் இருக்கிறதா என்று சின்னப் பிள்ளைபோல எண்ணினார். நிமிர்ந்தபோது, அதே தட்டில் அவள் தன் வலது கையை வைத்திருந்தாள். இடது கை மவுஸைத் தேடிக்கொண்டிருந்தது.

அவருக்கு யோசிக்க நேரமில்லை. தலையைக் குனிந்து அவள் வயிற்றில் முட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள். விழுகிற வேகத்தில் அவள் விரல் மவுஸை அழுத்திவிட்டது. காலித் தட்டில் தகடு தடாலென்று இறங்கித் தரையே அதிர்ந்தது.

"விடுடா என்னை! நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன்!"

அவள் இடது முஷ்டியால் மறுபடி மறுபடி அவர் முகத்தில் குத்தினாள். உதடு கிழிந்தது, ஒரு பல் ஆடியது. அவர் தடுக்கவில்லை. தடுக்கக் கை இரண்டும் வேண்டும். இரண்டு கையாலும் அவர் அவளுடைய வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார், விடவே இல்லை.