பாத்திரத்தில் மீந்தது

எனக்கு வயிற்றெரிச்சல் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். பூட்டு ரிப்பேர் செய்கிற மனிதருக்கு என் வயிற்றைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். ஆனால் உள்ளதைச் சொன்னால் என்ன, எரிச்சல்தான். நன்றாகவே எரிந்தது.

எங்கள் சபையில் திருவிருந்துப் பாத்திரம், அதாவது ஆராதனையில் எல்லாரும் திராட்சரசம் குடிக்கிற வெள்ளிப் பாத்திரம், என் பொறுப்பு. பீடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதில் ஒரு அலமாரி, ஒரு வாஷ்பேசின், கம்பி வைத்த ஜன்னல். ஆராதனை முடிந்ததும் அங்கேதான் பாத்திரத்தைக் கழுவுவேன், பீடத்துணியைத் துவைத்து இஸ்திரி போடுவேன். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துத் தேய்ந்த கைகள் இவை. ஞாயிற்றுக்கிழமை அந்த வெள்ளிப் பாத்திரத்தைத் தொடும்போதுதான் இவற்றுக்கும் ஒரு மரியாதை வரும். ஒன்று மட்டும் எனக்குக் கிடைத்ததில்லை. பாத்திரத்தில் மீந்த திராட்சரசம் ஆண்டவருடைய இரத்தம், அதைக் கீழே கொட்டக் கூடாது. யாராவது குடித்துத்தான் தீர்க்க வேண்டும். அதைப் போதகரே குடிப்பார். நான் பக்கத்தில் துணியோடு நிற்பேன். "நீங்க குடிங்கம்மா" என்று ஒரு நாளாவது சொல்ல மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். வெட்கத்தால் வெளியே சொன்னதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் லாட்ஜ்காரி வந்து சேர்ந்தாள்.

பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் லாட்ஜில் இருந்தவள். அங்கே அவளுக்கு என்ன வேலை என்று யாரும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. இப்போது அதையெல்லாம் விட்டுவிட்டு, சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். நல்லதுதான். ஓரமாக உட்கார்ந்து எழுந்து போனால் நான் ஏன் வாயைத் திறக்கப் போகிறேன்? போதகர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அல்லவா ஆடினார்! அவள் அறைக்கே போய் ஜெபம் செய்தார். அவள் காய்ச்சலில் படுத்தபோது போதகரின் மனைவி சாப்பாடு கட்டிக்கொண்டு போனார். நான் ஆபரேஷன் முடிந்து கிடந்தபோது எனக்கு வந்தது ஒரு போன். "நீங்க தைரியசாலிம்மா, உங்களுக்கென்ன" என்றார். தைரியசாலிக்குச் சாப்பாடு கிடையாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பிரசங்கத்திலும் அதே பேச்சுதான். ஊர் ஒதுக்கியவர்களோடு ஆண்டவர் உட்கார்ந்து சாப்பிட்டார், வரி வசூலித்தவனோடு சாப்பிட்டார், பேர் கெட்ட பெண்ணைத் தன் காலைத் தொட விட்டார். சரி ஐயா, பேரைக் கெடுத்துக்கொள்ளாமல் இருந்தவளைப் பற்றி ஏதாவது இருக்கிறதா? முதல் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு வாரமும் காத்திருந்தேன். வரவில்லை.

சரி, என் கையில் இருப்பதை நான் செய்தேன். திருவிருந்துக்குப் பெஞ்சு பெஞ்சாக ஆட்களை எழுப்பி அனுப்புவதும் நான்தான். அவள் வந்தால் கதவோரத்துக் கடைசிப் பெஞ்சைக் காட்டுவேன். "இங்க உட்காரு, காத்து வரும்" என்பேன். எல்லாரும் குடித்து முடித்த பிறகு கடைசி ஆளாக அவளை அனுப்புவேன். ஒரே பாத்திரத்தில்தானே சபை முழுக்க வாய் வைக்கிறது. போதகர் விளிம்பைத் துடைத்துத் துடைத்துத்தான் கொடுக்கிறார் என்றாலும், அவள் வாய் பட்ட இடத்தில் இன்னொருத்தி எப்படிக் குடிப்பாள்? அவளுக்கு அப்புறம் மிச்சம் இருப்பது போதகர் ஒருவர்தான். அது அவர் பாடு. அவளும் தலையைக் குனிந்துகொண்டு கடைசியில் போய் நிற்பாள். அந்த அடக்கத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்கு முன்னால் போதகர் அந்தச் சின்ன அறைக்கு வந்தார்.

"அம்மா, உங்களுக்கு வேலை ஜாஸ்தியா இருக்கு. இனிமே அவங்களையும் கூடச் சேர்த்துக்கோங்க. இஸ்திரி நல்லாப் போடுறாங்க."

"எவங்களை?"

"உங்களுக்குத் தெரியாதா?" என்று சிரித்தார்.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. "நான் போடுற இஸ்திரியில என்ன குறை ஐயா?"

"குறைன்னு யாரு சொன்னா? ரெண்டு பேராச் செய்யுங்கன்னுதானே சொல்றேன். ஆராதனை முடிஞ்சதும் வரச் சொல்லியிருக்கேன்."

இன்றைக்கு ரெண்டு பேர், நாளைக்கு அவள் ஒருத்தி மட்டும். உலகம் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? பாட்டுப் பாடும்போதும் ஜெபத்தின்போதும் என் நினைப்பெல்லாம் அந்த அறையில்தான் இருந்தது. என் அலமாரியை அவள் திறப்பாள், என் பாத்திரத்தை அவள் கழுவுவாள். அன்றைக்கும் அவளைக் கடைசியாகத்தான் அனுப்பினேன். அதிலாவது ஒரு திருப்தி.

ஆராதனை முடியும் நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. சபைப் பெரியவர் ஒருவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறதாம். ஆசீர்வாதம் சொன்ன கையோடு, அங்கியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்த போதகர் பாத்திரத்தை என் கையில் வைத்தார்.

"நான் ஓடணும். மீந்ததை நீங்க குடிச்சிடுங்கம்மா. கொட்டிடாதீங்க."

போய்விட்டார்.

எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை! இரண்டு கையாலும் பாத்திரத்தைத் தூக்கினேன். வாயருகே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இதில் கடைசியாக வாய் வைத்தவள் யார்? அவளைக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தியவள் யார்? அவள் எச்சில் வேறு யாருக்கும் போய்விடாமல், எனக்கென்றே பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். என் புத்தியை எதால் அடிப்பது!

குடிக்கவும் மனம் வரவில்லை, அப்படியே வைக்கவும் முடியவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று வாஷ்பேசின் பக்கம் திரும்பிப் பாத்திரத்தைச் சாய்க்கப் போனேன்.

"அக்கா, கொட்டப் போறீங்களா?"

வாசலில் லாட்ஜ்காரி நின்றுகொண்டிருந்தாள்.

"உனக்கென்ன இங்க?"

"ஐயா வரச் சொன்னாரு." அவள் பாத்திரத்தையே பார்த்தாள். "கொட்டக் கூடாதாமே. உங்களுக்கு முடியலன்னா என்கிட்ட குடுங்கக்கா. நான் குடிச்சிடறேன்."

எனக்கு உச்சி மண்டைக்கு ஏறிவிட்டது. உள்ளே காலை வைத்த அன்றைக்கே மீதியைக் குடிப்பாளாம்! நான் இத்தனை காலம் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றது எதற்கு? அருவருப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. அவளுக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான். அவளை முறைத்துப் பார்த்துக்கொண்டே ஒரு மடக்குக் குடித்தேன்.

அவள் முகம் வாடியது. அப்புறம் என்னைச் சமாதானப்படுத்துகிறவள்போல் சொன்னாள்:

"பயப்படாதீங்கக்கா. நான் இதுல வாயே வச்சதில்ல."

"என்ன சொல்ற?"

"ஐயா சாய்ச்சுக் குடுக்கும்போது தலையைப் பின்னால இழுத்துக்குவேன். எனக்கப்புறம் அவருதானே குடிக்கணும்? நல்ல மனுஷன். என் எச்சில் அவருக்கு எதுக்கு?"

"இவ்வளவு நாளுமா?"

"இவ்வளவு நாளும்தான்."

"அவருக்குத் தெரியாதா?"

"தெரியும்னுதான் நினைக்கிறேன். நான் தலையை இழுத்துக்கிட்டாலும் பாத்திரத்தைப் பிடிச்சபடி கொஞ்ச நேரம் நிப்பாரு. வாரா வாரம் நிப்பாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்னைக்கு எனக்கப்புறம் குடிக்க யாரும் இல்லையேன்னுதான் கேட்டேன்."

எனக்கு இரக்கம் வந்தது என்று சொல்ல மாட்டேன். கோபம்தான் வந்தது. தூங்காமல் புரண்டு புரண்டு நான் பொறாமைப்பட்டது, ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத ஒருத்திமேல். பாத்திரத்துக்குள் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் இருந்தது.

"இந்தா, வாயைத் திற."

"வேணாங்கக்கா..."

"ஏன், என் எச்சில் உனக்கு ஆகாதோ?"

"ஐயோ, அப்படியில்லக்கா!" என்று பதறினாள்.

"அப்ப தலையை இழுக்காம நில்லு."

அவளை நம்ப முடியாது. இடது கையால் அவள் பின்னந்தலையைப் பிடித்துக்கொண்டு, மருந்துக்கு அடம்பிடிக்கிற குழந்தைக்குப் புகட்டுவதுபோல் பாத்திரத்தைச் சாய்த்தேன். அவள் உதடு விளிம்பில் பட்டது. கண்ணை மூடி விழுங்கினாள்.

அந்த முகத்தை நான் பார்த்தேன். அதை எப்படிச் சொல்வது? கடன்பட்டதுபோல் எப்போதும் குனிந்தே இருந்த முகம் நிமிர்ந்தது. கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. புத்தி தெரிந்த நாளிலிருந்து நான் இதில் குடிக்கிறேன். ஒரு தடவையாவது என் முகம் அப்படி ஆகியிருக்குமா? அடுத்து மாவு அரைக்க வேண்டும், பட்டன் வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அல்லவா குடித்திருக்கிறேன். இப்போது வந்த பொறாமைக்கு முன்னால் அதுவரை பட்டதெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. அவளுக்கு அதில் என்ன கிடைத்ததோ, அது எனக்கும் வேண்டும்.

அவள் அவசரமாகத் துணியை எடுத்து விளிம்பைத் துடைக்க வந்தாள்.

"துடைக்காதே" என்று அவள் கையைத் தட்டிவிட்டேன்.

அடியில் கடைசியாக ஒரு வாய் மிச்சம் இருந்தது. பாத்திரத்தை வெளிச்சத்தில் திருப்பி, அவள் உதட்டின் ஈரம் எங்கே இருக்கிறது என்று தேடி, அதே இடத்தில் வாய் வைத்துக் குடித்தேன்.