மேல்வீட்டு மாவு

மூத்தவள் கோதுமை மாவு டப்பாவைத் திறந்து, கரண்டியின் முதுகால் மேலே வழித்துச் சமன் செய்துவிட்டுக் காத்திருந்தாள். யாரும் தொடாமலே மாவு அங்கங்கே பொருமி உதிர்ந்தது. வண்டென்றால் சல்லடையில் நின்றுவிடும். இந்த மாவுப் பூச்சிகள் தூசியிலும் தூசி; மாவோடு மாவாக இறங்கிவிடும். காற்றின் ஈரம்தான் இவற்றுக்குக் குடிதண்ணீர். கீழ்வீட்டுச் சுவருக்கோ வருஷம் முழுக்க வியர்வை.

மேல்வீடு ஓரகத்தி சின்னவளுக்கு. மூன்று பக்கமும் வெயில்.

"மாவுல என்னடி வாடை? சின்னவ டப்பாவைப் போய்ப் பாரு, பூ மாதிரி இருக்கு. அவளுக்குக் கை சுத்தம்" என்று மாமியார் அன்றைக்குத் தட்டைத் தள்ளிவைத்தார்.

"சுவர் ஓதம் அத்தை, அதனாலதான்…"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு மேலேதான். படியில் இறங்கிவரும் சிரிப்பொலி மூத்தவளின் வயிற்றில் அடுப்பு மூட்டியது. மாமியாரும் சின்னவள் குடும்பமும் வெளியூர் கிளம்பியபோது சாவி இவளிடம் வந்தது. கிண்ணத்தில் நெளியும் மாவோடு மேலே ஏறினாள். சின்னவளின் டப்பாவில் கொட்டிக் கிளறி, வழித்து, நெளிந்தால் அழியட்டும் என்று கரண்டி நுனியால் ஒரு கோடும் போட்டாள்.

"உன் கை சுத்தத்தையும் பாத்துடலாம்டி."

நேற்றுத்தான் அவர்கள் திரும்பினார்கள். இன்று காலை, மாவு கேட்கிற சாக்கில் போனாள்.

"எடுத்துக்கோங்கக்கா, நான் இன்னும் திறக்கவே இல்ல."

திறந்தாள். கோடு அப்படியே, கத்தியால் கீறியதுபோல் இருந்தது. ஒரு துகள் அசையவில்லை. ஈரமில்லாமல் காய்ந்து செத்திருக்கின்றன. பூச்சிகூடச் சின்னவள் பக்கம்தானா என்று முதலில் பற்றிக்கொண்டு வந்தது. பிறகுதான் உறைத்தது: அதே பூச்சி, கிளறியதும் தன் கைதான். மாறியது காற்று மட்டும். கோணல் கூடம்தான்! சாட்சி கண்ணெதிரே இருந்தது. ஆனால் அதைச் சொல்லப்போனால், அந்தப் பூச்சி இங்கே எப்படி வந்தது என்பதிலிருந்தல்லவா ஆரம்பிக்க வேண்டும்?

"என்னடி, மாவைப் பாத்துப் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் தட்டின் முன் உட்கார்ந்திருந்த மாமியார்.

"என் மாவு அழகுல மயங்கிட்டாங்க அத்தை" என்று சிரித்தபடி சின்னவள் கரண்டியை எடுத்தாள்.

"இரு."

மூத்தவள் சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே, வெயில் பட்டுப் பளபளத்தபடி, கரண்டி நின்றது.