மோதிரவிரல்

எலும்பு மருத்துவரின் அறைக்கு வெளியே, டோக்கன் எண் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தபோதுதான் மாஸ்டர் தன் கிதாரின் ஒலியைக் கேட்டார். சுவரில் உயரத்தில் மாட்டியிருந்த தொலைக்காட்சியில் ஏதோ ஒரு தொடரின் முகப்பு இசை ஓடிக்கொண்டிருந்தது. முதலில் வயலின்கள். அவை ஒதுங்கி வழிவிட, தனியாக ஒரு கிதார். நான்கு மாதங்களுக்கு முன் அவர் வாசித்துக் கொடுத்துவிட்டு வந்த துண்டு அது. கீழிருந்து ஓடி ஏறி, உச்சியில் ஒரு கணம் தயங்கி, மோதிரவிரலால் கம்பியை இழுத்து வளைத்து இறங்கும் பதினோரு சுரங்கள். ஒன்றுகூட நசுங்கவில்லை. ஒவ்வொன்றும் கழுவித் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பக்கத்து நாற்காலியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம், இது நான் வாசித்தது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் நாக்கு துறுதுறுத்தது. அதற்குள் முகப்பு முடிந்து யாரோ யாரையோ அறைந்தார்கள்.

உள்ளே மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மூட்டு இன்னும் தேய்ந்திருக்கிறது, இனி இதைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளத்தான் முடியும் என்றார். அதே பேச்சை மூன்று வருடங்களாகத் தலைகுனிந்து கேட்டு வந்தவர், அன்று முதல் முறையாக மறுத்துப் பேசினார். படத்தில் எப்படி இருந்தால் என்ன, விரல் திரும்பி வருகிறது, என் காதாலேயே கேட்டேன் என்றார். மருத்துவர் சிரித்துவிட்டு மாத்திரையை மட்டும் மாற்றி எழுதினார்.

அந்த விரலுக்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. அறுபத்து நான்கு வயதில், விடிந்ததும் வெந்நீரில் இரண்டு கைகளையும் ஊற வைத்து, தாளக் கருவியான மெட்ரோனோமை ஆமை வேகத்தில் தட்டவிட்டு ஒவ்வொரு விரலாக எழுப்புவார். சுண்டுவிரலுக்குச் சுண்டுவிரலின் வேகம், நடுவிரலுக்கு நடுவிரலின் வேகம். கடைசியில்தான் மோதிரவிரல். முட்டிக்கு மேல் கொட்டைப்பாக்கு அளவுக்கு வீங்கி, மடக்கினால் நிமிராமல், நிமிர்த்தினால் மடங்காமல் அது மட்டும் தனிக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. தடித்த கம்பிகளைக் கழற்றிவிட்டு மெல்லிய கம்பிகளைப் போட்டார். கம்பிகளின் உயரத்தைத் தாழ்த்தினார். எட்டாத இடங்களுக்கு வழுக்கிப் போகப் பழகினார். மோதிரவிரலின் வேலையில் பாதியை நடுவிரலின் தலையில் கட்டினார். இத்தனையும் வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டார். ஸ்டூடியோவில் கையை எப்போதும் கால்சட்டைப் பைக்குள்தான் வைத்திருப்பார். நாற்பது வருடங்களாக அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டுப் பழகிய இடம். அங்கே கையைக் காட்ட அவருக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அடுப்படியில் நின்றுகொண்டே அந்தப் பதினோரு சுரங்களையும் வாயால் பாடிக் காட்டினார். அவள் திரும்பாமலே, நல்லது என்றாள். பிறகு ஏற்கெனவே கழுவி வைத்திருந்த டம்ளர்களை எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள்.

அன்று சாயங்காலமே கிதாரை எடுத்து அந்தத் துண்டை வாசித்துப் பார்த்தார். வரவில்லை. களைப்பாக இருக்கும் என்று வைத்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் வெந்நீர், பயிற்சி எல்லாம் முடித்துப் புது ஆளாக உட்கார்ந்து வாசித்தார். ஏழாவது சுரம் வரைக்கும் ஓடியது. எட்டாவதில் கம்பி செத்த மாதிரி ஒரு சத்தம். உச்சியில் இழுக்க வேண்டிய இடத்தில் விரல் இழுக்கவே இல்லை, சும்மா சாய்ந்துகொண்டது. மூன்று நாள் விடாமல் முட்டி மோதிப் பார்த்தார். நான்கு மாதங்களுக்கு முன் ஸ்டூடியோவில் எப்படி வந்தது என்று யோசிக்க யோசிக்க, அன்றைக்கும் வரவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அன்று ஐந்து முறை வாசித்தார். ஐந்தாவது முறை ஒலிப்பதிவாளரான பெண், போதும் சார், அருமையா வந்திருச்சு என்றாள். எப்போதிலிருந்து அவள் இவ்வளவு சீக்கிரம் திருப்திப்பட ஆரம்பித்தாள்? முன்பெல்லாம் நாற்காலி கிரீச்சிட்டால்கூட மறுபடி வாசிக்கச் சொல்பவள்.

கம்ப்யூட்டரில் சரிசெய்கிறாள் என்று முடிவுக்கு வந்தார். நசுங்கின சுரத்தை எடுத்துவிட்டு, வேறெங்கோ நன்றாக விழுந்ததை வெட்டி ஒட்டுகிறாள். இப்போது எல்லாருக்கும் செய்கிறார்கள், பாடகர்களுக்கெல்லாம் தொண்டையையே மாற்றி வைக்கிறார்கள். இருந்தாலும் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட்டுவிடுவது என்று வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, யாரும் கூப்பிடாமலே ஸ்டூடியோவுக்குக் கிளம்பினார். முந்தின நாள்தான் அங்கே ஒரு விளம்பரத்துக்கு வாசித்துவிட்டு வந்திருந்தார்.

மாடிப்படி ஏறி, கனத்த கதவைத் தோளால் தள்ளித் திறந்தபோது, அவருடைய முந்தின நாள் வாசிப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒலிப்பதிவாளர் அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். அவள் முகம் வெளிறியதை அவர் கவனித்தார். ஆனால் அதற்குள் காது வேறொன்றைக் கவனித்துவிட்டது. இது முந்தின நாள் வாசித்தது இல்லை. இதில் தடுக்கல் இல்லை. அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அவருடைய நாற்காலியில், அவர் வைக்கும் உயரத்திலேயே கால்மணையை வைத்துக்கொண்டு, ஹெட்போன் மாட்டி, கண்களை மூடி, தம்பி வாசித்துக்கொண்டிருந்தார்.

தம்பி ஐந்து வயது இளையவர். சின்ன வயதில் அண்ணனின் கிதாரை அண்ணன் இல்லாதபோது எடுத்து வாசித்தே கற்றுக்கொண்டவர். அண்ணன் எங்கே தயங்குவார், எங்கே அழுத்துவார், எந்த விரலைக் கொஞ்சம் தாமதமாக எடுப்பார் என்பதெல்லாம் அப்படியே படிந்துவிட்டது. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் மாஸ்டர் காய்ச்சலில் படுத்திருந்தபோது அவருக்குப் பதிலாகப் போய் வாசித்தார். இசையமைப்பாளருக்கு வித்தியாசமே தெரியவில்லையாம். அதை ஒருவர் பாராட்டாகத்தான் சொன்னார். மாஸ்டர் கேன்டீனில் எல்லாரும் இருக்கும்போது, "அவன் கார்பன் பேப்பர். நான் அழுத்தி எழுதினாத்தான் அவன்கிட்ட எழுத்து விழும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்த வட்டாரம் முழுக்கத் தம்பிக்குக் கார்பன் என்றே பெயர் விழுந்துவிட்டது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தம்பி ஸ்டூடியோக்களுக்கு வருவதை நிறுத்தினார். கிதார் பழுது பார்க்கும் கடை ஒன்றைத் திறந்துகொண்டு ஒதுங்கிவிட்டார். குடும்பத்தில் நல்லது கெட்டதுக்குச் சந்தித்தால் இருவரும் உடல்நலம் விசாரித்துக்கொள்வார்கள். பாட்டைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

ஒலிப்பதிவாளர், உள்ளே இருப்பவரோடு பேசும் மைக்கின் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினாள். மாஸ்டர் வேண்டாம் என்று தடுத்தார். வாசித்து முடிக்கட்டும் என்று சைகை காட்டினார். நின்றபடியே கேட்டார். நாற்பது வருடங்களாகத் தனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்த ஒரு சின்ன விஷயம், தாளத்தின் இரண்டாவது தட்டுக்கு மயிரிழை தாமதமாக வந்து சேரும் அந்தக் கள்ளத்தனம், அதுகூட ஸ்பீக்கரிலிருந்து வந்தது. தன் பிணத்துக்கு யாரோ அழகாக அலங்காரம் செய்வதைத் தானே நின்று பார்ப்பது போல இருந்தது.

வாசித்து முடித்துக் கண்ணைத் திறந்த தம்பி, கண்ணாடிக்குப் பின்னால் அண்ணனைப் பார்த்தார். ஹெட்போனைக் கழற்றப் போனவர் கழற்றாமல் அப்படியே இருந்தார். மாஸ்டர் குனிந்து பொத்தானை அழுத்தினார்.

"ரெண்டாவது வரியில அவசரப்பட்டுட்டே."

தம்பி மைக்கை நோக்கிக் குனிந்தார். பிறகு ஸ்பீக்கரில் தம்பியின் குரல் தணிந்து வந்தது.

"நீங்க அங்க அவசரப்படுறீங்க அண்ணே. நேத்து எல்லா டேக்லயும் அப்படித்தான் வாசிச்சிருக்கீங்க. வேணும்னுதான் பண்றீங்கன்னு நெனச்சேன்."

மாஸ்டர் பொத்தானிலிருந்து கையை எடுத்தார். தம்பியே தொடர்ந்தார். "உங்க டேக்கைக் காதுல போட்டுக் கேட்டுட்டுத்தான் வாசிப்பேன். எது கை தவறுனது, எது நீங்க நெனச்சு வாசிச்சதுன்னு பிரிச்சு எடுத்துக்குவேன். என்னோடதுன்னு ஒன்னும் சேர்க்கிறதில்ல."

எத்தனை நாளாக என்று மாஸ்டர் ஒலிப்பதிவாளரிடம் கேட்டார். பதினான்கு மாதம் என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. வாசிப்பு பயன்படாமல் போனபோது, அவரிடம் சொல்லத் துணிவில்லாமல் வீட்டுக்குப் போன் செய்து அவர் மனைவியிடம் சொன்னதாகவும், இனி கூப்பிட வேண்டாம் என்று நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டதாகவும், நான்கு நாள் கழித்து மனைவியே தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றதாகவும் சொன்னாள். மாஸ்டர் சரி என்று தலையாட்டினார். கதவைத் திறக்கக் கைப்பிடியைப் பிடித்தபோது விரல் மடங்கவில்லை. அவள்தான் வந்து திறந்துவிட்டாள்.

வீட்டில் அவர் சத்தம் போடவில்லை. சாப்பிட்டார். சாப்பிட்டு முடிந்ததும், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். மனைவி புடவைத் தலைப்பால் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"தினம் விடியக்காலையில அந்த வெந்நீரைக் காய்ச்சி வைக்கிறது நான்தானே" என்றாள். "அதை வெச்சுட்டு வந்து சொல்ல எனக்கு வாய் வரல. உங்க தம்பி வாசல்ல போய் நின்னேன். இருபது வருஷமா மனசு விட்டுப் பேசாதவரு, அரை மணி நேரம் அழுதாரு. அப்புறம், எந்த நாள் வரணும் அண்ணின்னு கேட்டாரு."

மறுநாள் அவர் வெந்நீர் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. ஸ்டூடியோவிலிருந்து வந்த அழைப்புகளுக்கு ஊரில் இல்லை என்று சொல்லச் சொன்னார். மெட்ரோனோம் இல்லாத வீட்டில் காலை வேளை எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. பால்காரர் வந்து போவார், எதிர்வீட்டுக் குழந்தைகள் பள்ளிக்குப் போவார்கள், அதற்குப் பிறகும் மணி எட்டரைதான் ஆகியிருக்கும். பதினான்கு மாதங்களாக எங்கெங்கோ ஒலித்த வாசிப்புகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தார். வந்தது, ஆனால் நிற்கவில்லை. எல்லாம் அவர் நினைத்தபடியே வாசிக்கப்பட்டிருந்தன. நினைப்பு அவருடையது, விரல் தம்பியுடையது. இதில் யாரை யார் ஏமாற்றியது என்று அவரால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. கேன்டீனில் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் திரும்பத் திரும்ப வந்தது. அன்று சிரித்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெயர் மட்டும் போகவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குத் தம்பியின் வீட்டுக் கதவைத் தட்டினார். என்ன சொல்ல வேண்டும் என்பதை வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். கதவைத் திறந்த தம்பி, வாங்கண்ணே என்றார். வீட்டில் வேறு யாரும் இல்லை. சமையல்கட்டு மேசையின் மேல் ஒரு சின்ன அலுமினியத் தொட்டி, அதில் ஆவி பறக்காத ஏதோ ஒன்று. கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது.

"மெழுகு" என்றார் தம்பி. "உருக்கி, பொறுக்குற சூட்டுக்கு ஆற வெச்சிருக்கேன். உட்காருங்க, ஆறிட்டா இறுகிடும். அதுக்குள்ள முடிச்சிடறேன்."

அவர் இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை முக்கி எடுத்தார். முக்கி எடுக்கும் முன்பே மாஸ்டர் பார்த்துவிட்டார். இடது கை மோதிரவிரல். முட்டிக்கு மேலே, இன்னும் கொட்டைப்பாக்கு ஆகவில்லை, ஒரு மொச்சை அளவுக்கு. அவர்கள் அப்பாவுக்கும் அதே விரல்தான். கடைசிக் காலத்தில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் இருவரில் யாரையாவது கூப்பிடுவார்.

வழி நெடுக மனப்பாடம் செய்தது அத்தனையும் மறந்துபோனது. மாஸ்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"எப்பலேர்ந்து?"

"ஆறேழு மாசமா. காலையிலதான் தொந்தரவு. பதினொரு மணிக்கு மேல கொஞ்சம் அடங்கும். அதான் அந்த நேரத்துக்கு ஸ்டூடியோவுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கேன்."

"இன்னும் எவ்வளவு நாள் வாசிக்கலாம்னு டாக்டர் சொல்றாரு?"

"ஒரு வருஷம். ஜாக்கிரதையா இருந்தா ஒன்றரை." தம்பி கைகளை மறுபடி முக்கினார். "ஸ்டூடியோவுல யாருக்கும் தெரியாது. அண்ணிக்கும் தெரியாது."

ஒவ்வொரு முறை முக்கி எடுக்கும்போதும் கைகளின் மேல் இன்னொரு வெள்ளைத் தோல் ஏறியது. ரேகை மறைந்தது. நகம் மறைந்தது. வீக்கமும் மறைந்தது. மாஸ்டர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட முயன்றார், முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்து மேலே ஏற்றிக்கொண்டார். இடது கையை மெழுகுக்குள் விட்டார். சுட்டது, ஆனால் பொறுக்கும்படிதான் இருந்தது. வலது கையையும் விட்டார்.

"அன்னிக்கு கேன்டீன்ல" என்று ஆரம்பித்தார்.

"அஞ்சு தடவையாவது முக்கணும்ணே" என்றார் தம்பி. "எடுத்து, ஆற விட்டு, திரும்ப. அப்பதான் சூடு மூட்டுக்குள்ள நிக்கும். அப்புறம் இருபது நிமிஷம் எதையும் தொடக் கூடாது."

ஐந்து முறை முக்கினார்கள். முழங்கைகளை மேசையில் ஊன்றி, கைகளைத் தூக்கிப் பிடித்தபடி எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நான்கு கைகளும் ஒரே அச்சில் வார்த்தவை மாதிரி இருந்தன. எது யாருடையது என்று வெளியாள் சொல்ல முடியாது. மெழுகுக்குள் மோதிரவிரல் லேசாகத் துடிப்பது மாஸ்டருக்குத் தெரிந்தது.

அப்போது மேசை ஓரத்தில் இருந்த தம்பியின் போன் அடித்தது. ஒலிப்பதிவாளரின் எண். இருவரும் அதைப் பார்த்தார்கள். போன் அதிர்ந்து அதிர்ந்து, வழவழப்பான மேசையின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி இரண்டு பேரும் அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.